ஒரு ஜன்னல், மூன்று அளவுகள்

(கட்டடச் செலவு மதிப்பீட்டில் மரபு முறையும் கணினி மாதிரியும் என்ற தலைப்பில் கட்டடப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, நம் தொழிலில் அதைவிடப் பொறுப்பான வேலை குறைவு. தூணின் கனத்தைக் கணக்கிட்டதில் பிழை இருந்தால் அதைச் சரிபார்க்க இன்னொரு பொறியாளர் உண்டு. "நாற்பது லட்சத்தில் முடித்துவிடலாம்" என்று நாம் சொன்னதை நம்பி, நகையை அடகு வைத்து, வங்கியில் கடன் வாங்கி வாசக்கால் வைக்கும் குடும்பத்துக்கு அப்படி யாரும் இல்லை. தளம் போடும் கட்டத்தில் பணம் தீர்ந்துபோனால் தூண் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஊருக்கு ஊர் அப்படி நிற்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசுக் கட்டடமானால் திருத்திய மதிப்பீடு கோப்பில் ஏறி இறங்கும். அதுவரை பிள்ளைகள் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே படிப்பார்கள்.

இந்த வேலைக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து, கையால் அளவெடுத்து, தாளிலோ எக்செல்லிலோ கணக்கிடும் மரபு முறை ஒன்று. கட்டடத்தையே கணினிக்குள் முப்பரிமாணத்தில் கட்டிவைத்து அதிலிருந்து அளவுகளை எடுக்கும் முறை மற்றொன்று. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்ற அந்த முறையைச் சுருக்கமாகப் 'பிம்' என்கிறோம். எது சிறந்தது என்று சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: கணினி மாதிரி அளக்கும், மதிப்பிடாது. அளக்கும் வேகத்தில் அதை மிஞ்ச மனிதரால் ஆகாது. ஆனால் எதை அளப்பது, எந்த விதிப்படி அளப்பது, அளந்ததற்கு என்ன விலை போடுவது என்ற மூன்றையும் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது தரும் எண்கள் ஆபத்தானவை.

மரபு முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மரபு முறை என்றதும் பலர் சதுர அடிக் கணக்கை நினைத்துக்கொள்கிறார்கள். மேஸ்திரி மனையைச் சுற்றிவந்து "சதுர அடிக்கு இவ்வளவு" என்று சொல்கிறாரே, அது. இருபதுக்கு ஐம்பது அடி வீடும் ஆயிரம் சதுர அடிதான். இருபத்தைந்துக்கு நாற்பது அடி வீடும் ஆயிரம் சதுர அடிதான். முதல் வீட்டின் வெளிச்சுற்று 140 அடி, இரண்டாவதன் சுற்று 130 அடி. பத்தடி உயரச் சுவர் என்றால் முதல் வீட்டில் 100 சதுர அடிச் சுவர் அதிகம். அந்தச் சுவருக்கு அடியில் கடைக்கால், மேலே பூச்சு, அதன்மேல் பெயின்ட். சதுர அடிக் கணக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகையைச் சொல்லும். முதல் பேச்சுக்கு அது போதும். அரசுத் துறைகளும் பூர்வாங்க மதிப்பீட்டுக்குப் பரப்பு விலையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்கு அதை நம்பக் கூடாது.

உண்மையான மரபு முறை விரிவான மதிப்பீடுதான். வாணம் தோண்டுவதில் தொடங்கி, அடிக் கான்கிரீட், கடைக்கால், தூண், உத்தரம், செங்கல் வேலை, தளம், பூச்சு, தரை, கதவு ஜன்னல், வண்ணம் என்று கட்டடம் எழும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்ற கட்டங்களில் எழுதிப் பெருக்கி, கழிக்க வேண்டியதைக் கழித்து, கடைசியில் சுருக்கப் பட்டியலில் விலையோடு சேர்ப்பது. சுவர்களை அளக்க நீள்சுவர் குறுஞ்சுவர் முறை, மையக்கோட்டு முறை என்று பாடம் படித்திருப்பீர்கள். மையக்கோட்டு முறையில் ஒரு சுவர் இன்னொன்றின் நடுவில் வந்து முட்டும் ஒவ்வொரு இடத்திலும் அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். எத்தனை இடத்தில் முட்டுகிறது என்று விரல் வைத்து எண்ணாமல் அந்தக் கணக்கை முடிக்கவே முடியாது.

அந்த விரலில்தான் விஷயம் இருக்கிறது. கையால் அளவெடுப்பவர் வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டையும் கடந்துதான் போக வேண்டும். தளப்படத்தில் சன்ஷேடு இருக்கிறது, வெட்டுப்படத்தில் இல்லை. லிண்டல் எவ்வளவு நீளம் என்று எங்கும் எழுதவில்லை. குளியலறைத் தளம் தாழ்த்தப்பட்டிருக்கிறது, அதை நிரப்ப எதைப் போடுவது என்ற குறிப்பு இல்லை. இவை எல்லாம் அளவெடுக்கும்போதுதான் கண்ணில் படுகின்றன. அவர் பென்சிலால் கேள்விக்குறி போடுகிறார், கட்டடக்கலைஞரைக் கேட்கிறார். பல வேலைகளில் வரைபடத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் மதிப்பீட்டாளர்தான். செலவுத் தொகையைவிட அந்தக் கேள்விப் பட்டியல் சில சமயம் மதிப்பு மிக்கது.

இனி கணினி மாதிரிக்கு வருவோம். இது நேற்றுப் பிறந்த எண்ணம் அல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன், வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினியில் கட்டடத்தையே விவரித்து வைக்கலாம் என்று 1975இல் எழுதினார். அப்படி வைத்தால் பொருள்களின் அளவும் செலவும் அதிலிருந்தே எளிதாகக் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொன்னார். அதாவது, செலவு மதிப்பீடு பிம்முக்குப் பிற்பாடு ஒட்டவைத்த பயன் இல்லை, அது பிறந்த காரணங்களில் ஒன்று. ஹங்கேரியில் ஆர்க்கிகேட் என்ற மென்பொருள் 1980களில் வந்தது. ரெவிட் என்ற இன்னொரு மென்பொருள் 2000இல் வெளியாகி 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. சிங்கப்பூர் 2013 முதல் 2015 வரை படிப்படியாகப் பெரிய கட்டடங்களின் அனுமதி விண்ணப்பங்களை மாதிரி வடிவில் தரச் சொன்னது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் திட்டங்களுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ, மாதிரியோடு காலத்தையும் செலவையும் இணைத்து வேலை செய்தது.

இப்போது ஒரு சுவரை எடுத்துக்கொண்டு இரண்டு முறையிலும் அளந்து பார்ப்போம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், ஒன்பது அங்குலம் அதாவது 0.23 மீட்டர் கனம். நடுவில் 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல். இரு பக்கமும் ஒரே சிமென்ட் பூச்சு. பூச்சு எத்தனை சதுர மீட்டர்?

சுவரின் ஒரு முகம் 12 சதுர மீட்டர். ஜன்னல் 1.8 சதுர மீட்டர். மாதிரியில் சுவரின் நிகரப் பரப்பைக் கேட்டால் 10.2 என்று வரும். இரு முகத்துக்கும் 20.4 சதுர மீட்டர்.

நம் நாட்டில் வேலையை அளக்கும் விதி ஐ.எஸ். 1200. அதன் 12ஆம் பகுதி பூச்சு வேலைக்கானது. அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை என்றால் ஒரு முகத்தில் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு ஈடாக ஜன்னலின் உள்விளிம்புப் பூச்சைத் தனியாக அளக்கக் கூடாது. மூன்றுக்கு மேல் போனால் இரு முகத்திலும் கழித்து, விளிம்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஜன்னல் நடு வகையில் வருகிறது. ஆகவே 24இல் 1.8 போக 22.2 சதுர மீட்டர். அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏறுவதும் ஒப்பந்ததாரருக்குப் பணம் போவதும் இந்த அளவுக்குத்தான்.

கொத்தனார் உண்மையில் பூசுவது எவ்வளவு? 20.4 சதுர மீட்டரோடு ஜன்னலின் நான்கு விளிம்புகளும் சேரும். சுற்றளவு 5.4 மீட்டர், கனம் 0.23 மீட்டர், பெருக்கினால் ஏறத்தாழ 1.24. மொத்தம் 21.64. ஜன்னல் சட்டம் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதை விட்டுவிடுவோம்.

ஒரே ஜன்னல், மூன்று அளவுகள்: 20.4, 22.2, 21.64. எந்த எண்ணும் பொய் இல்லை. மாதிரி வடிவத்தைச் சொன்னது, விதி ஒப்பந்தத்தைச் சொன்னது, மூன்றாவது எண் மட்டும் சிமென்டைச் சொன்னது. மாதிரி தந்த எண்ணை அப்படியே மதிப்பீட்டில் எடுத்துப்போட்டால் ஒரு ஜன்னலுக்கு 1.8 சதுர மீட்டர் குறையும். இதே அளவில் 200 ஜன்னல் உள்ள விடுதி என்றால் 360 சதுர மீட்டர் பூச்சு. பட்டியல் பணம் வாங்கும்போது ஒப்பந்ததாரர் அதைக் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. மதிப்பீட்டுக்கு மேலே செலவு போய்விட்டது என்று தணிக்கையில் கேள்வி வரும். நம்முடைய இந்த ஒருமுகக் கழிவு விதி எல்லா நாட்டிலும் கிடையாது. வெளிநாட்டு மென்பொருள் அதைத் தானாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சூத்திரம் எழுதி, திறப்புகளைப் பரப்பு வாரியாகப் பிரித்து, நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். விதி மனதில் இருப்பவருக்கு அது சிறிய வேலை. விதியே தெரியாதவருக்கு அப்படி ஒன்று விடுபட்டது என்றே தெரியாது.

கான்கிரீட்டில் வேறொரு சிக்கல். 300 மில்லிமீட்டர் அகலம், 600 ஆழம் உள்ள உத்தரத்தின் மேல்பகுதியோடு 150 கனத் தளம் சேர்ந்திருக்கிறது. மாதிரி செய்தவர் இரண்டையும் முழுசாக வரைந்துவிட்டு இணைக்காமல் விட்டால், தளமும் உத்தரமும் ஒரே இடத்தை இருமுறை நிரப்பும். ஐந்து மீட்டர் உத்தரத்துக்கு 0.225 கனமீட்டர் கான்கிரீட் கூடுதலாக ஏறும். திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கட்டடம் அழகாகவே இருக்கும். கையால் எழுதுபவர் உத்தரத்தின் ஆழம் 0.45 மீட்டர் என்று தளத்தின் அடியிலிருந்தே எழுதிப் பழகியிருப்பார். அவருக்கு இந்தப் பிழை வராது. அவருக்கு வரும் பிழை வேறு: ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விடுவது, கூட்டலில் ஒரு இலக்கம் நழுவுவது. மாதிரிக்கு அந்தப் பிழை வராது.

மாதிரியில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். சாரம் இல்லை. சென்டரிங் பலகையும் முட்டும் பெரும்பாலும் இல்லை. வாணத்தில் ஊறும் நீரை இறைக்கும் மோட்டார் இல்லை, தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது இல்லை. பல மாதிரிகளில் கம்பிகூட இருப்பதில்லை. தூண் இருக்கும், உள்ளே வெற்றுக் கான்கிரீட். கம்பிக்குப் பழையபடி பார் பெண்டிங் ஷெட்யூல் போட்டு, விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்து மீட்டர் எடையைக் கண்டு, ஒட்டு நீளம், 12 மீட்டர்க் கம்பியில் வெட்டி மிஞ்சும் துண்டு எல்லாம் பார்த்தாக வேண்டும். எவ்வளவு விவரம் சேர்த்த மாதிரி என்பதற்கு 200, 300, 400 என்று நிலைகள் வகுத்திருக்கிறார்கள். 200ஆம் நிலையில் சுவரின் கனமே உத்தேசம். அந்த மாதிரியும் 2.346 கனமீட்டர் செங்கல் வேலை என்று மூன்று தசமத்தோடுதான் எண்ணைத் தரும். தசமத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கட்டட உரிமையாளர் மயங்குவார், அவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

இவ்வளவும் சொன்னதால் நான் மாதிரிக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். அதன் பெரிய பலம் ஒன்று இருக்கிறது, அதை மனமாரச் சொல்ல விரும்புகிறேன். அது மாற்றம். மேலே சொன்ன உத்தரத்தின் ஆழத்தை 600இலிருந்து 450ஆகக் குறைக்கிறார் வடிவமைப்பாளர். கைக்கணக்கில் என்ன ஆகும்? கான்கிரீட் குறையும், சென்டரிங் குறையும், உத்தரப் பக்கப் பூச்சு குறையும். கீழே உள்ள சுவர் 150 மில்லிமீட்டர் உயரும், அதனால் செங்கல் வேலையும் சுவர்ப்பூச்சும் கூடும். கம்பி கூடுமா குறையுமா என்பது புதிய வடிவமைப்பைப் பொறுத்தது. ஐந்தாறு பக்கங்களில் திருத்த வேண்டும், ஒன்றை மறந்தாலும் கணக்கு கெடும். டெண்டருக்கு முந்தின வாரத்தில் இப்படி இருபது மாற்றங்கள் வந்தால் எந்த மதிப்பீட்டாளரும் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கமாட்டார், ஒரு சதவீதத்தைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுவார். ஒழுங்காகச் செய்த மாதிரியில் உத்தரத்தைத் திருத்தினால் அதோடு இணைத்த அளவுகள் எல்லாம் கூடவே திருந்தும். "இப்படிச் செய்தால் எவ்வளவு, அப்படிச் செய்தால் எவ்வளவு" என்று உரிமையாளர் கேட்கும்போது பதில் அன்றே கிடைக்கும். மரபு முறையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே தயங்குவார்கள். வளைந்த கூரை, சரிவான நிலத்தில் மண் வெட்டலும் நிரப்பலும், உத்தரத்தின் குறுக்கே போகும் குழாய் என்று கை திணறும் இடங்களிலும் மாதிரிக்கு நிகர் கிடையாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 32 திட்டங்களை வைத்துச் சொன்ன கணக்கு விற்பனைக் கையேடுகளில் அடிக்கடி வரும்: மதிப்பீட்டு நேரம் 80 சதவீதம் வரை குறைந்தது, செலவுத் துல்லியம் 3 சதவீதத்துக்குள் வந்தது என்று. அதில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவை பெரிய திட்டங்கள், தேர்ந்த அணிகள். ஆயிரம் சதுர அடித் தனி வீட்டுக்கு மென்பொருள் உரிமம் வாங்கி மாதிரி செய்வது வீண் செலவு என்பது என் கருத்து. மருத்துவமனை, விடுதி, அடுக்குமாடி என்றால் மாதிரி இல்லாமல் தொடங்குவதுதான் வீண் செலவு.

அளவு முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மறுபாதி விலை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வை எடுத்துப் பாருங்கள். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குச் சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, கொத்தனார் ஒரு நாளில் எத்தனை பங்கு, மிக்சர் வாடகை என்ன என்று பிரித்து, தண்ணீருக்கு ஒரு சதவீதமும் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் 15 சதவீதமும் சேர்த்திருப்பார்கள். இதில் ஒன்றுகூட மாதிரியின் வடிவத்திலிருந்து வருவதில்லை. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அன்று எந்தக் கட்டடத்தின் அளவும் மாறவில்லை, எல்லா மதிப்பீடும் மாறியது. குவாரி எத்தனை கிலோமீட்டர், லாரி தெருவுக்குள் வருமா, இல்லை முனையிலேயே இறக்கிச் சித்தாள் சுமக்க வேண்டுமா, மூன்றாவது மாடிக்கு எப்படி ஏற்றுவது, ஐப்பசி மழையில் வேலை எத்தனை நாள் நிற்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் எப்போது திரும்புவார்கள் என்பதெல்லாம் தளத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். மணல் ஈரமாக இருந்தால் பருத்து, கன அளவு கால் பங்குகூடக் கூடும். யூனிட் கணக்கில் நூறு கன அடி என்று வாங்கியதில் உண்மையான மணல் எவ்வளவு என்பதை லாரியில் கைவிட்டுப் பார்த்தவர் சொல்வார்.

இன்னொரு உண்மையையும் மனதில் வையுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூபியர் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு 20 நாடுகளின் 258 போக்குவரத்துக் கட்டுமானங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. சராசரியாக 28 சதவீதம். அதைவிட முக்கியமானது, எழுபது ஆண்டுக் காலத்தில் இந்த நிலை தேறவே இல்லை என்பது. அந்த எழுபது ஆண்டில் சறுக்குச் சட்டம் (ஸ்லைடு ரூல்) போய்க் கால்குலேட்டர் வந்தது, கால்குலேட்டர் போய்க் கணினி வந்தது. கணக்குப் போடும் கருவி ஆயிரம் மடங்கு முன்னேறியும் மதிப்பீடு முன்னேறவில்லை என்றால், கோளாறு பெருக்கலிலும் கூட்டலிலும் இல்லை. திட்டம் அனுமதி பெற வேண்டும் என்பதற்காகச் செலவைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது அவர் கண்ட காரணம். சிட்னி ஓபரா ஹவுஸை எல்லோருக்கும் தெரியும். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சம் டாலரில் 1973இல் முடிந்தது. 1959இல் வேலையைத் தொடங்கும்போது அந்த வளைந்த கூரையை எந்த வடிவத்தில் கட்டுவது என்பதே முடிவாகவில்லை. முடிவாகாத கூரையை எந்த முறையில் அளப்பது? இன்றைய மாதிரி அன்று இருந்திருந்தால், கூரைக்கு விடை இல்லை என்பதை வெளியே காட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்காமல் இருந்திருப்பார்களா என்பது மாதிரியின் கையில் இல்லை.

ஆகவே இது கருவிகளின் போட்டி இல்லை, ஆட்களை எங்கே உட்கார வைக்கிறோம் என்ற கேள்வி. இலங்கையில் அளவை மதிப்பீடு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குவான்டிட்டி சர்வேயர் இல்லாமல் பெரிய வேலை நடக்காது. நம்மிடம் அந்த வேலை, வடிவமைப்பாளருக்கோ தளப் பொறியாளருக்கோ கூடுதல் சுமையாகக் கிடக்கிறது. இப்போது மாதிரி வந்ததும் அதை வரைபவரிடம் தள்ளிவிடுகிறோம். மாதிரி செய்கிற பிள்ளைக்கு ஐ.எஸ். 1200 தெரியாது, மதிப்பீட்டாளருக்கு மாதிரியைத் திறக்கத் தெரியாது. நடுவில் ஒரு எக்செல் தாள் மட்டும் மின்னஞ்சலில் போய்வருகிறது. நம் அலுவலகங்களில் இன்றிருக்கும் பெரிய ஓட்டை இதுதான். மாதிரியைத் தொடங்கும் நாளிலேயே மதிப்பீட்டாளர் அந்த அறையில் இருக்க வேண்டும். பூச்சை எப்படிப் பிரிப்பது, எந்தச் சுவருக்கு என்ன குறியீடு, தளமும் உத்தரமும் எங்கே வெட்டிக்கொள்வது என்று அவர் சொல்லி, வரைபவர் செய்ய வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அரையாண்டு முடிவதற்குள் உங்கள் தெருவில் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வாணத்திலிருந்து வண்ணம் வரை கையால் ஒருமுறை அளவெடுங்கள். பிறகு அதே வீட்டை மாதிரியாகச் செய்து அளவுகளை எடுங்கள். இரண்டும் ஒத்துவராது. எந்த வரியில், எவ்வளவு, ஏன் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நாளை வேலைக்குப் போய் நீங்கள் தயாரிக்கும் எந்த மதிப்பீட்டிலும், எந்த விதிப்படி அளந்தது, எந்த ஆண்டின் விலைப் பட்டியல், மாதிரி எந்த விவர நிலையில் இருந்தது, எவை சேரவில்லை என்ற நான்கையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையாளர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.